மோடம் உள்ளேயா, வெளியேயா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "அம்மாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் கவிதை கட்டுக்கட்டாக வந்துவிட்டது. யாராவது நாம படிக்கிற படிப்பைப் பற்றி எழுதுங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கவிதை வராது. எனக்குக் கொஞ்சம் தெரிந்தது மோடம். அதிலும் இந்த மூன்று வருடத்தில் நான் பட்ட பாட்டில் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதையே ரவுட்டராக வைத்து, ஒரு டி.எஸ்.எல். இணைப்பைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். அப்போது மோடம் எங்கே இருக்க வேண்டும்? கார்டாக மதர்போர்டின் பி.சி.ஐ. ஸ்லாட்டுக்குள்ளா? தனி டப்பாவாக வெளியிலா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? எது விலை குறைவோ அதை வாங்கு" என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது என் கட்சி வேறு. மோடம் வெளியேதான் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் கம்பிக் கதை

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அது டயல்-அப் காலம். மோடம் 'கீய்ங் கீய்ங்' என்று கத்தி முடித்த பிறகுதான் நெட் வரும், நெட் இருக்கும்போது போன் பேச முடியாது என்பார்கள். 2004-இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தது. 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட் என்று அன்றைக்குக் கணக்கு. அது 2013-இல் 512 ஆகி, 2023-இல் 2 எம்.பி.பி.எஸ். ஆனது தனிக்கதை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எங்கள் எழுமலை மாதிரி ஊர்களுக்கும் போன் கம்பி வழியாகவே நெட் நுழைந்தது.

அதே செம்புக் கம்பியில் போன் பேச்சும் நெட்டும் எப்படி ஒன்றாகப் போகின்றன? நம் பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேல் கம்பியில் இடம் சும்மா கிடக்கிறது. ஏ.டி.எஸ்.எல். சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். வீட்டில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா பேச்சையும் டேட்டாவையும் பிரிக்கும். எக்ஸ்சேஞ்சில் டிஸ்லாம் என்ற பெரிய பெட்டி அந்தப் பக்கத்து வேலையைப் பார்க்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துபோகும்.

ஆக, மோடம் என்பது ஊர்க் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிற சாமான். எத்தனையோ கம்பம் தாண்டி, வேப்பமரக் கிளை தாண்டி, மழையிலும் வெயிலிலும் கிடக்கிற கம்பியின் இந்த முனை அது. இதை மனதில் வையுங்கள். என் வாதமே இதில்தான் இருக்கிறது.

இடி விழுந்த ராத்திரி

எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். இரண்டு பேர் வகையிலும் பத்தாவது தாண்டியவர் யாரும் கிடையாது. 2022 ஜூனில் எனக்குப் பத்தாவது ரிசல்ட் வந்தது. பாலிடெக்னிக் சேர வேண்டும், விண்ணப்பம் ஆன்லைனில்தான் போட வேண்டும் என்றார்கள். செல்போனிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். கொரோனா வருடத்தில் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் நான் பாடம் படித்தேன்.

எங்கள் ஊரில் அண்ணன் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். முன்பு மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவர். ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே லைன். நடுவில் மூடி இல்லாத பழைய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்று லினக்ஸில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மானிட்டர்கூடக் கிடையாது. அதன் பக்கத்தில், பலகையில் ஆணி அடித்து மாட்டிய ஒரு மோடம். "இந்த மூடியில்லாத தம்பிதான்டா கடைக்கு மேனேஜர்" என்பார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று எனக்குச் சொல்லியிருந்த தேதிக்கு முந்தின ராத்திரி, ஊரே நடுங்குகிற மாதிரி இடி. ஆனி மாதம் எங்கள் பக்கம் காத்துத்தான் அடிக்கும், அன்றைக்கு என்னவோ இடியும் சேர்ந்துகொண்டது. கரண்டு போனது, டவரும் படுத்துவிட்டது. காலையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினால், அண்ணன் மோடத்தை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கருகிய வாடை! ஒரு விளக்கும் எரியவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பழைய மோடம் ஒன்றை எடுத்தார். போன் வயரை மாட்டினார், லேன் கேபிளை மாட்டினார். அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்று போட்டு, பிரிட்ஜ் மோடில் வைத்தார். மூடியில்லாத தம்பி தானாக டயல் செய்து நெட்டைக் கொண்டுவந்துவிட்டது. மொத்தம் கால் மணி நேரம். மத்தியானத்துக்குள் என் விண்ணப்பம் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் அண்ணன் சொன்னார்: "உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சென்டர்ல உள்ள போடுற கார்டா வாங்கி மாட்டியிருந்தாங்கடா. இதே மாதிரி ஒரு இடி. கார்டு போச்சு, அதோட மதர்போர்டும் போச்சு, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. நாலு நாள் கடை சாத்திக் கிடந்துச்சு."

அந்தக் கடைதான் எங்கள் ஊரில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பாவோடு சித்தாளாகப் போயிருப்பேன். அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை, அந்த வேலைதான் என்னைப் படிக்க வைக்கிறது. ஆனால் ஒரு மோடம் எங்கே மாட்டியிருக்கிறது என்பதில் ஒருவனுடைய படிப்பே தொங்கிக்கொண்டிருக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

காரணம் என்ன?

இங்கே வந்து படித்த பிறகுதான் அந்த ராத்திரி நடந்தது புரிந்தது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்னச் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் கம்பியும் இந்தப் பக்கத்து சர்க்யூட்டும் நேரடியாகத் தொடாது. அந்தத் தடுப்பு 1500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரத்திலேயே உள்ள விதி. வெளி மோடம் என்றால் ஊர்க் கம்பிக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மோடமே ஒரு காவல். அதற்குப் பிறகு மோடத்தின் ஈதர்நெட் போர்ட், நம் லேன் கார்டின் போர்ட் என்று இன்னும் இரண்டு தடுப்பு.

நியாயமாகச் சொல்ல வேண்டும். உள்ளே போடும் கார்டிலும் லைன் வருகிற இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. ஆனால் அந்த ஒன்றைத் தாண்டிவிட்டால் அடுத்தது பி.சி.ஐ. பஸ்தான், அதாவது மதர்போர்டின் முதுகெலும்பு. இடி நேரடியாக விழுந்தால் 1500 வோல்ட் தடுப்பு எந்த மூலைக்கு என்று கேட்கலாம். உண்மைதான், நேராக விழுந்தால் எதுவும் தப்பாது. ஆனால் பெரும்பாலும் நமக்கு வருவது எங்கோ தூரத்தில் விழுந்த இடி கம்பியில் தூண்டிவிடுகிற அதிர்ச்சி. அதற்கு ஒரு சுவர் இருப்பதற்கும் மூன்று சுவர் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சர்ஜ் அரெஸ்டரும், ஒழுங்கான எர்த்தும் இருந்தால் இன்னும் நல்லது.

நான் செய்த தப்பு

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியும் மூன்றாம் வருட புராஜெக்ட்டில் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போடும் கார்டை வாங்கினேன்!

எங்கள் டீமில் நாலு பேர். லேபில் ஓரங்கட்டிய பென்டியம் 4 ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஆபீஸில் சும்மா கிடந்த பழைய போன் லைனில் சோதித்துப் பார்க்கச் சாரே அனுமதி வாங்கித் தந்தார். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டும் கிடைத்தன. பி.சி.ஐ. கார்டு 400 ரூபாய், வெளி மோடம் 250 ரூபாய். "தனியா ஒரு டப்பா, அதுக்கு ஒரு அடாப்டர், ரெண்டு வயரு... அசிங்கமா இருக்கும்டா. கார்டுன்னா எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் பார்த்தா அசந்துடுவார்" என்றான் நண்பன். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. 400 ரூபாயில் என் பங்கு 100. அப்பா வெயிலில் பூச்சு வேலை செய்து கொடுத்த காசு அது.

கார்டை மாட்டினோம். லினக்ஸுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் வந்த சி.டி.யில் லினக்ஸ் டிரைவர் இருந்தது, ஆனால் கெர்னல் 2.4-க்காகத் தொகுத்த பைனரி. கெர்னல் 2.4 வெளிவந்தது 2001 ஜனவரியில், நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால்! லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். மூல நிரல் வெளியில் இருந்து, கெர்னலோடு சேர்ந்துவிட்ட டிரைவர் என்றால், மாற்றம் செய்கிறவர்களே அதையும் சேர்த்துச் சரிசெய்துகொண்டு வருவார்கள். மூடி வைத்த பைனரியை யார் சரிசெய்வது? செய்த கம்பெனி கைவிட்டால் கார்டு வெறும் தகடு.

மூன்று வாரம்! பழைய கெர்னலைப் போட்டோம், அது எங்கள் லேன் கார்டைக் கண்டுகொள்ளவில்லை. வேறு கார்டு போட்டோம், கார்டு தெரிந்தது, லைன் சிங்க் ஆகவில்லை. கோளாறு கார்டிலா, டிரைவரிலா, போன் லைனிலா, ஸ்லாட்டிலா? எதைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. முதல் ரிவியூவில் வெறும் பெட்டியைக் காட்டிவிட்டு நின்றோம். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அப்பா சொன்ன பதில்

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பா, "என்னப்பா, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டார். அப்பாவுக்கு மோடம் தெரியாது. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். வெளியிலிருந்து வருகிற லைனை வாங்குகிற கருவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டோம், இப்போது எங்கே கோளாறு என்று தெரியவில்லை என்றேன்.

அப்பா சிரித்தார். "இப்பத்தான் எல்லாரும் சுவத்துக்குள்ள பைப்பைப் பதிக்கச் சொல்றாங்க. பார்க்க லட்சணமாத்தான் இருக்கும். ஒழுகும்போதுதான் தெரியும். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க டைல்ஸை உடைக்கணும், பூச்சை உடைக்கணும். வெளிய போற பைப்புன்னா கண்ணுல பார்த்து, அந்தத் துண்டை மட்டும் அறுத்து மாத்திட்டுப் போயிறலாம். தெருத் தண்ணி வர்ற பைப்புக்கு கேட்டு வால்வை வெளியதானப்பா வைப்போம்?"

நான்கு பேர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, ஏழாவதோடு படிப்பை விட்ட என் அப்பா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். இதைத்தான் புத்தகத்தில் 'ஃபால்ட் ஐசொலேஷன்' என்று போட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதியும் இருக்கிறேன்.

திரும்பி வந்ததும் அந்த 250 ரூபாய் வெளி மோடத்தை வாங்கினோம். ஒரே சாயங்காலத்தில் வேலை முடிந்தது.

வெளி மோடம் எப்படி வேலை செய்கிறது?

இங்கேதான் பல பேர் தப்பு செய்கிறார்கள். வெளி மோடத்தை அப்படியே ரவுட்டர் மோடில் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் லினக்ஸை வைத்தால், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்வார்கள். முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும், வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய இணைப்பு எதுவும் சுலபமாக வராது. மோடத்தைப் பிரிட்ஜ் மோடில் வைக்க வேண்டும். அப்போது அது வாயை மூடிக்கொண்டு, போன் கம்பியில் வருவதை ஈதர்நெட்டாக மாற்றிக் கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். யூசர் நேம், பாஸ்வேர்டு சொல்லி உள்ளே போவது லினக்ஸ். அதற்குப் பெயர் பி.பி.பி.ஓ.இ. 1999-இல் ஆர்.எஃப்.சி. 2516 என்று அதை எழுதி வைத்தார்கள். வெளி முகவரி லினக்ஸுக்கே கிடைக்கும். ஃபயர்வால், யாருக்கு எவ்வளவு வேகம், எந்த நேரத்தில் எது திறக்கலாம் என்ற ஆட்சி முழுக்க நம் கையில்.

ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பி.பி.பி.ஓ.இ. அதில் 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு இது தெரியாது, முழு 1500-க்கும் தயாராக இருக்கும். அதனால் சில வெப்சைட் திறக்கும், சில வெப்சைட் பாதியில் நின்றுபோகும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஐ.பி.டேபிள்ஸில் எம்.எஸ்.எஸ். அளவை 1452-க்கு இறக்குகிற ஒரே ஒரு வரி போட்டதும் எல்லாம் சரி. 1492-இலிருந்து ஐ.பி. தலைப்புக்கு 20, டி.சி.பி. தலைப்புக்கு 20 கழித்தால் 1452. இதை வகுப்பில் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு லேபில் கண்டுபிடித்ததால் சாகும்வரை மறக்காது!

எதிர்க்கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டும்

கார்டுதான் நல்லது என்பவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் சொல்வதில் மூன்று நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, லைன் எந்த நிலையில் இருக்கிறது, சிக்னல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்பதைக் கார்டு இருந்தால் லினக்ஸே நேரடியாகப் பார்க்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளி மோடத்தின் செட்டிங் பக்கத்திலும் அதே எண்கள் இருக்கும். எஸ்.என்.ஆர். மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்துபோகும் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, தனி அடாப்டர், தனி வயர், அதனால் தனித் தொல்லை. உண்மை. எங்கள் ஊர் அண்ணன் கடையிலேயே மோடம் அடாப்டர் இரண்டு தடவை போயிருக்கிறது. ஆனால் அடாப்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மூன்று, எல்லாக் கார்டும் டிரைவர் இல்லாத கார்டு இல்லை. இதுதான் பலமான வாதம். ஆஸ்திரேலியாவின் டிராவர்ஸ் கம்பெனி செய்த சோலோஸ் என்ற ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் 2009-இல் கெர்னல் 2.6.29-லேயே சேர்ந்துவிட்டது. அந்த மாதிரி கார்டு கையில் இருந்தால் நானும் சந்தோஷமாகப் போடுவேன். ஆனால் ராத்திரி இடி விழுந்து அது போய்விட்டால், காலையில் எழுமலையில் எங்கே போய் வாங்குவது? உசிலம்பட்டியில் கிடைக்குமா, மதுரையில்தான் கிடைக்குமா? வெளி மோடம் என்றால் எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டினாலும் லினக்ஸுக்கு வித்தியாசமே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஈதர்நெட் மட்டுமே.

பெரிய ஊரில் இருப்பவனுக்கு எது சிறந்த பொருள் என்பது கேள்வி. நம் ஊரில் இருப்பவனுக்கு 'நாளைக் காலையில் கிடைக்குமா?' என்பதுதான் கேள்வி.

நம் மாவட்டத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் முயற்சியில் இணைய மையங்கள் வைத்தார்கள். போன் கம்பி இல்லாத ஊர்களுக்கும் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையில் நெட் போனது. வேகம் 35 அல்லது 70 கே.பி.பி.எஸ்.தான். அந்த மையங்களிலிருந்து கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். அங்கேயும் சிக்னலை வாங்குகிற கருவி சுவரில் தனியாக மாட்டிய ஒரு பெட்டிதான். அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். என்ன நினைத்து அப்படிச் செய்தார்களோ, என் அப்பா கேட்டிருந்தால் சரிதான் என்று தலையாட்டியிருப்பார்.

"இப்போதுதான் ஃபைபர் வந்துவிட்டதே!"

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் ஊர் அண்ணனும் போன வருடம் ஃபைபருக்கு மாறிவிட்டார். கண்ணாடி இழை இடியின் மின்சாரத்தைக் கடத்தாது, அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. ஃபைபர் முனையில் ஓ.என்.டி. என்ற டப்பா கொடுக்கிறார்கள். ரவுட்டர், வைஃபை, ஃபயர்வால் எல்லாம் அதற்குள்ளேயே. 'ஒரே பெட்டி' ஆசை திரும்ப வந்துவிட்டது! பழைய நண்பன்தான், புதுச் சட்டை போட்டிருக்கிறான்.

அண்ணன் என்ன செய்தார்? ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் மோடில் வைக்கச் சொன்னார். அதற்குப் பின்னால் அதே மூடியில்லாத தம்பி. அவர் லினக்ஸில் மாற்றியது அநேகமாக ஒன்றுமில்லை. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி வந்தது, உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே இல்லை. கார்டு போட்டிருந்தால் அந்தக் கார்டையும் அதற்குப் பட்ட பாட்டையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. நாம் 'வெளி மோடம்' என்று சொல்கிற டப்பாக்களில் பலவற்றுக்கு உள்ளேயே ஓடுவது லினக்ஸ்தான். 2002-இல் வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரிந்து, உரிமப்படி மூல நிரலைக் கேட்டு வாங்கினார்கள். அதிலிருந்து 2004-இல் ஓபன்டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. இன்றைக்கு நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாடல்களில் அதைப் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸை 1991-இல் அறிவித்தபோது லைனஸ் டோர்வால்ட்ஸ் 21 வயது மாணவர். நம்மைவிட மூன்று வயதுதான் கூட, நண்பர்களே!

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக ஒரு வேண்டுகோள், பேரவைக்கும் நம் ஆசிரியர்களுக்கும்.

நாம் ரவுட்டரைப் படம் வரைந்து படிக்கிறோம். பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். கையால் ஒன்றைக் கட்டியவர்கள் எத்தனை பேர்? லேபில் ஓரத்தில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டர் இரண்டு போதும். டி.எஸ்.எல். லைன்கூட வேண்டாம். கனடாவின் ரோரிங் பெங்குவின் கம்பெனி வெளியிட்ட ஆர்.பி.-பி.பி.பி.ஓ.இ. என்ற இலவச மென்பொருளில், சோதனைக்காக ஒரு சர்வரும் சேர்ந்தே வருகிறது. ஒரு கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்ச் மாதிரி வைத்து, இன்னொன்றை நம் ரவுட்டராக வைத்து, நடுவில் ஒரு லேன் கேபிள் போட்டால் மேஜை மேலேயே எல்லாம் நடக்கும். யூசர் நேம் தப்பாகப் போட்டால் என்ன ஆகிறது, 1492 விஷயத்தை விட்டுவிட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொருவரும் கெடுத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். செலவு இரண்டு பழைய லேன் கார்டுக்கு உள்ள காசு. எங்கள் டீமின் பென்டியம் 4-ஐயும் வெளி மோடத்தையும் லேபிலேயே விட்டுப் போகிறோம். அந்த 400 ரூபாய்க் கார்டையும் ஒரு அட்டையில் ஒட்டி, 'இப்படி வாங்காதீர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறோம்!

வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு, கெட்டுப்போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. எது கெட்டது என்று கண்டுபிடித்து அந்தத் துண்டை மட்டும் மாற்றத் தெரிய வேண்டும். அதற்குத் தோதாகப் பொருளை ஆரம்பத்திலேயே அமைக்கத் தெரிய வேண்டும். என் கணக்கில் டிப்ளமோ என்பது அந்த ஒரு திறமைதான்.

ஆகவே நண்பர்களே, ஊர்க் கம்பியைத் தொடுகிற சாமானை வெளியே வையுங்கள். உங்களுக்குப் புரிந்த சாமானை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டில் ஒரு பழைய மோடம் தூசி படிந்து இருக்கட்டும். கடைசி நாளில் யாராவது ஒரு பையன் மஞ்சப்பையோடு ஓடி வருவான்.



எழுமலை மாணவன்,
மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் & கம்யூனிகேஷன் பிரிவு